‘செட் மீ’ என்று ஏன் சொல்லக் கூடாது?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கிளையில் உள்ளவர்களுக்குத் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். போன வாரம் நான் எழுதியதைச் சக ஊழியர் ஒருவர் திருத்தித் தந்தார். ‘செட்’ இருந்த இடத்தில் ‘டோல்ட்’, ‘டோல்ட்’ இருந்த இடத்தில் ‘செட்’ என்று மாற்றியிருக்கிறார். ஒரு இடத்தில் இரண்டையும் எடுத்துவிட்டு ‘ஆஸ்க்ட்’ போட்டிருக்கிறார். நான் மேனேஜரிடம் எதையும் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தேன்! இரண்டுக்கும் தமிழில் ‘சொன்னார்’ என்றுதானே பொருள்? பயந்துபோய் இப்போதெல்லாம் எல்லா இடத்திலும் ‘இன்ஃபார்ம்ட்’ என்றே போட்டுவிடுகிறேன். அது சரிதானா? இன்னொன்று. திருத்திய அதே ஊழியர் மறுநாள் எனக்கு ‘ஷி செட் டு கால் யூ’ என்று எழுதியிருந்தார். அது மட்டும் எப்படிச் சரியாகும்?

பதில்: திருத்தப்பட்ட நான்கு வரிகளையும் கடிதத்தோடு இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. வரியைப் பார்க்காமல் பதில் சொல்லப் போனால் விதியை ஒப்பிப்பதில்தான் போய் முடியும். மற்ற வாசகர்களுக்காக அந்த வரிகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, ‘தி கிளையன்ட் செட் மீ தட் தி ஃபைல் இஸ் நாட் ஓப்பனிங்.’ அடுத்தது, ‘ஹி டோல்ட் தட் ஹி வில் செக் அகெய்ன்.’ மூன்றாவது, ‘ஐ செட் தி ரீசன் டு ஹிம்.’ கடைசியாக, ‘ஐ டோல்ட் மை மேனேஜர் டு அப்ரூவ் இட்.’

நான்கிலும் உங்கள் ஊழியர் செய்த திருத்தம் சரி. ஆனால் நான்காவது வரி மற்ற மூன்றைப் போல இலக்கணப் பிழை கிடையாது. அது வேறு சங்கதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ‘சே’, ‘டெல்’ இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்போம். (தமிழில் எழுதும்போது ‘சே’ என்பது யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது அங்கே மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சொல்பவர், சொல்லப்படும் பேச்சு, கேட்பவர். ‘சே’ என்ற வினைக்குப் பேச்சின் மேல்தான் கண். வாயிலிருந்து என்ன வந்தது என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. யார் கேட்டார்கள் என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. ‘டெல்’லுக்குக் கேட்பவர் மேல்தான் கண். செய்தி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லாமல் அது வாக்கியத்தைத் தொடங்கவே தயங்கும்.

அதனால் ‘டெல்’லை ஒட்டியே ஆள் வந்து நிற்க வேண்டும். ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் ஹிம்’, ‘டோல்ட் தி கிளையன்ட்’. நடுவில் ‘டு’ என்று ஒரு பாலம்கூடத் தேவையில்லை. ‘சே’யை ஒட்டி வருவது பேச்சு. ‘செட் தட் ஹி வுட் செக்’, ‘செட் சாரி’, ‘செட் நோ’. கேட்டவரையும் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ‘செட் டு மீ’ என்று ‘டு’ வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘தட்’ போட்டு ஒரு சேதியைச் சொல்லும்போது ‘டோல்ட் மீ தட்’ என்பதுதான் இயல்பாக விழும். ‘செட் டு மீ’ பெரும்பாலும் ஒருவர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்காட்டும் இடங்களுக்கு உரியது.

உங்கள் முதல் வரியில் ‘செட்’டை ஒட்டி ‘மீ’ நிற்கிறது. அது ‘டெல்’லின் நாற்காலி. ஆகவே ‘டோல்ட் மீ’. இரண்டாவது வரியில் ‘டோல்ட்’டை ஒட்டி ஆளைக் காணோம், நேராக ‘தட்’ வந்துவிட்டது. ஆகவே ‘செட் தட்’. ‘வில்’ என்பது ‘வுட்’ ஆனதையும் கவனித்திருப்பீர்கள், அது காலம் சம்பந்தப்பட்டது, இன்னொரு நாள் பேசலாம்.

இந்த இரண்டாவது பிழை நம்மிடம் இவ்வளவு அதிகமாக இருப்பதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. ‘திரும்பப் பார்க்கிறேன்னு சொன்னார்’ என்று நாம் பேசும்போது யாரிடம் சொன்னார் என்பதை விட்டுவிடுகிறோம். கேட்பவருக்கு அது தெரியும், அல்லது தெரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை. ‘என்னிடம்’, ‘அவரிடம்’ எல்லாம் தமிழில் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் வாக்கியம் நொண்டாது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போய் ‘டோல்ட்’டைக் கையில் எடுத்தால், ஆள் இல்லாமல் அது தள்ளாடுகிறது. அப்புறம் ‘என்னிடம்’ என்பதில் உள்ள உருபை மனம் தேடும்போது ‘டோல்ட் டு மீ’ பிறக்கிறது. இடம், கிட்ட, கு என்று ஏதாவது ஒன்று இல்லாமல் தமிழில் கேட்பவரைக் குறிக்க முடியாதே, அந்த ஏக்கம்தான் அந்த ‘டு’.

மூன்றாவது வரிக்கு வருவோம். ‘ஐ செட் தி ரீசன் டு ஹிம்.’ இதில் ‘டு’ சரியாக இருக்கிறது, ஆள் ‘செட்’டை ஒட்டி நிற்கவில்லை. பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். எனக்கு இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் பல இலக்கணப் புத்தகங்கள் இந்த இடத்தில் ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடும். பொய்க்கு ‘டெல்’, உண்மைக்கு ‘டெல்’, கதைக்கு ‘டெல்’, ஜோக்குக்கு ‘டெல்’, ரகசியத்துக்கு ‘டெல்’. ‘ஹலோ’வுக்கு ‘சே’, ‘சாரி’க்கு ‘சே’, பிரார்த்தனைக்கு ‘சே’. ஆள் இல்லாமலேயே ‘ஹி டோல்ட் எ லை’ என்று வருகிறதே, ‘டெல்’லுக்கு ஆள் வேண்டும் என்றீர்களே என்று மாணவர்கள் கேட்டால், விதிவிலக்கு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ‘சே’யின் பக்கம் இருப்பவை எல்லாம் வாயிலிருந்து அப்படியே வெளிவரும் சொற்கள். ‘சாரி’ என்று நான் சொன்னால், என் வாயிலிருந்து வந்தது ‘சாரி’ என்ற அந்தச் சொல்லேதான். ‘நோ’, ‘தேங்க் யூ’, ‘குட் பை’, ‘எ ஃபியூ வேர்ட்ஸ்’ எல்லாம் அதே இனம். பொய்யும் உண்மையும் கதையும் அப்படியல்ல. ‘அவன் பொய் சொன்னான்’ என்றால் அவன் வாயைத் திறந்து ‘பொய்’ என்று உச்சரித்தான் என்றா பொருள்? அவன் ஏதோ நாலு வாக்கியம் பேசினான், அதன் உள்ளடக்கம் பொய். ‘சே’ எடுத்துக்கொள்வது உச்சரிப்பை, ‘டெல்’ எடுத்துக்கொள்வது உள்ளடக்கத்தை. காரணம் என்பது உள்ளடக்கம். அதனால் ‘ஐ டோல்ட் ஹிம் தி ரீசன்’.

இதை ஒரே சொல்லை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ‘டெல் மீ யுவர் நேம்’ என்றால் உன் பெயர் எனக்குத் தெரியாது, தெரியப்படுத்து. ‘சே யுவர் நேம்’ என்றால் உன் பெயரை உச்சரித்துக் காட்டு. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர் இரண்டாவதைத்தான் கேட்பார். அவருக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், சத்தம் வந்தால் போதும். தமிழில் இரண்டுக்கும் ‘பேரைச் சொல்லுங்க’தான்.

‘சம்திங்’, ‘எனிதிங்’, ‘நத்திங்’, ‘சோ’, ‘இட்’ போன்ற பிடி கொடுக்காத சொற்கள் இரண்டு பக்கமும் போகும், ஆனால் ‘டெல்’லோடு போகும்போது வழக்கம்போல ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். ‘ஹி செட் நத்திங்’, ‘ஹி டோல்ட் மீ நத்திங்’. ‘ஐ செட் சோ’, ‘ஐ டோல்ட் யூ சோ’. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மெயிலில் எழுதிவிடாதீர்கள். ‘அப்பவே சொன்னேன்ல’ என்பதன் அச்சு அசல் அது.

உள்ளடக்கத்தோடு ‘டெல்’லுக்கு இந்த உறவு எப்படி வந்தது என்பது ஒரு நல்ல கதை. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ‘டெல்லான்’. அதற்கு எண்ணுதல் என்றும் பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது. டச்சு மொழியில் இன்றும் ‘டெல்லன்’ என்றால் எண்ணுவதுதான். ஜெர்மனில் ‘த்ஸேலன்’ என்றால் எண்ணுவது, அதே வேரின் முன்னே ஒரு அசை சேர்த்து ‘எர்த்ஸேலன்’ என்றால் கதை சொல்வது. நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி அடுக்குவதுதானே கதை. ஆங்கிலத்தில் கதையைக் குறிக்கும் ‘டேல்’ இதற்கு உறவு. வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு ‘டெல்லர்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். அவர் யாருக்கும் எதையும் சொல்வதில்லை, நோட்டை எண்ணுகிறார். ‘ஆல் டோல்ட்’ என்றால் மொத்தம் எண்ணிப் பார்த்தால் என்று அர்த்தம். ‘அன்டோல்ட் வெல்த்’ என்பதைச் ‘சொல்லாத செல்வம்’ என்று மொழிபெயர்த்ததை ஒரு பிரதியில் நானே திருத்தியிருக்கிறேன். அது எண்ணிலடங்காச் செல்வம். நமக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. எண்ணுதல் என்ற நம் சொல் காசையும் எண்ணுகிறது, மனதிலும் எண்ணுகிறது. ஆங்கிலம் எண்ணிக்கையிலிருந்து பேச்சுக்குப் போனது, தமிழ் எண்ணிக்கையையும் நினைப்பையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

‘டெல் தி டைம்’, ‘டெல் தி டிஃபரன்ஸ்’ என்பவை இந்தப் பழைய பொருளின் மிச்சம் மாதிரி இருக்கும். இங்கே ‘டெல்’ பேசுவதே இல்லை. கணித்தறிவது, பிரித்தறிவது. குழந்தை ‘டெல் தி டைம்’ கற்றுக்கொண்டது என்றால் கடிகாரம் பார்க்கத் தெரிந்துகொண்டது என்று பொருள். இதே வழியில் ‘ஐ கான்ட் டெல்’ என்பதற்கும் ‘ஐ கான்ட் சே’ என்பதற்கும் பெரிய தூரம். ஒரு பில்லில் இருப்பது ஒன்றா ஏழா என்று புரியாவிட்டால் ‘ஐ கான்ட் டெல்’. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்பது அது. அடுத்த மாதம் யாருக்குப் பதவி உயர்வு என்று யாராவது கேட்டு, உங்களுக்குத் தெரிந்தும் வெளியே விடக் கூடாது என்றால், அல்லது உறுதியாக ஒன்றைச் சொல்லும் நிலையில் நீங்கள் இல்லை என்றால் ‘ஐ கான்ட் சே’. இரண்டையும் ‘சொல்ல முடியாது’ என்று மொழிபெயர்த்தால் ஒருவரின் கண்பார்வைக் குறை இன்னொருவரின் வாய்ப்பூட்டாகிவிடும்.

இப்போது அந்த நான்காவது வரி. ‘ஐ டோல்ட் மை மேனேஜர் டு அப்ரூவ் இட்.’ இலக்கணத்தில் குறையே இல்லை. ‘டோல்ட்’டை ஒட்டி ஆள் இருக்கிறார், பிறகு ‘டு’ வைத்துச் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் அதைப் படித்தவர், நீங்கள் மேனேஜருக்குக் கட்டளை போட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘டெல்’லுக்குப் பின்னால் ஆள், அவருக்குப் பின்னால் ‘டு’வோடு ஒரு வினை வந்தால், அது ஏவல். முதலாளி தொழிலாளியிடம், டாக்டர் நோயாளியிடம், அம்மா பிள்ளையிடம் பேசும் தொனி.

நீங்கள் தமிழில் நினைத்தது என்ன? ‘மேனேஜரை அப்ரூவ் பண்ணச் சொன்னேன்.’ இது தமிழில் மரியாதைக் குறைவாகப் படவில்லை, ஏனென்றால் ‘செய்யச் சொல்’ என்ற அமைப்பில் கட்டளையும் அடங்கும், வேண்டுகோளும் அடங்கும். எது என்பதைக் குரலும் உறவும் தீர்மானிக்கும். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினையே செய்கிறது. கட்டளை என்றால் ‘டோல்ட்’, வேண்டுகோள் என்றால் ‘ஆஸ்க்ட்’. இந்த ‘ஆஸ்க்ட்’ கேள்வி கேட்பதைக் குறிக்கவில்லை. ‘உதவி கேட்டேன்’, ‘கடன் கேட்டேன்’ என்கிறோமே, அந்தக் ‘கேள்’. ஆகவே நீங்கள் மேனேஜரிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வது சரியல்ல. அனுமதி கேட்டிருக்கிறீர்கள்!

ஆளுக்குத் தகுந்தபடி வினையை மாற்றுவது நமக்கு அந்நியமான வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றைத் தரும்படி கேட்கும்போது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்றும், சமமானவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்றும் கேட்பார் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்து வைத்திருக்கிறது. இன்றைய தமிழ் அதையெல்லாம் விட்டுவிட்டு ‘ங்க’ ஒன்றை ஒட்டிக்கொண்டு சமாளிக்கிறது. ‘டோல்ட்’, ‘ஆஸ்க்ட்’ வேறுபாட்டை அந்த ‘கொடு’, ‘தா’ வேறுபாடு மாதிரி நினைத்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

இதே தொனிப் பிரச்சினை இன்னும் இரண்டு இடங்களில் வரும். போனை எடுத்தவுடன் ‘டெல் மீ’ என்பது ஒன்று. ‘சொல்லுங்க’ என்ற நம் இதமான சொல்லின் நேர் பெயர்ப்பு அது. கேட்கிற வெளிநாட்டவருக்கு ‘ம், என்ன விஷயம், சொல்லு’ என்று விரட்டுவது போல இருக்கும். ‘கோ அஹெட்’ என்று சொல்லலாம், அல்லது ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்’ என்று கேட்கலாம். மற்றொன்று ‘ஆஸ் ஐ டோல்ட் யூ’. இலக்கணம் பிசகவில்லை, ஆனால் எத்தனை தடவை சொல்வது என்ற சலிப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். ‘ஆஸ் ஐ மென்ஷன்ட்’ என்றால் அந்த முள் இருக்காது. ‘ஆஸ் டோல்ட் பை யூ’ என்று சிலர் எழுதுவதை விட்டுவிட்டு ‘ஆஸ் யூ செட்’ என்று மூன்றே சொல்லில் முடிக்கலாம்.

‘மென்ஷன்’ என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். சே–டெல் பிரிவினை இந்த இரண்டு வினைகளோடு நிற்கவில்லை. சொல்வது சம்பந்தமான ஆங்கில வினைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றில் இருக்கின்றன. ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’, ‘வார்ன்’, ‘அஷ்யூர்’, ‘நோட்டிஃபை’ எல்லாம் டெல் குடும்பம். ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும், ‘டு’ பிடிக்காது. ‘எக்ஸ்பிளெய்ன்’, ‘மென்ஷன்’, ‘சஜெஸ்ட்’, ‘அனௌன்ஸ்’, ‘டிஸ்கிரைப்’ எல்லாம் சே குடும்பம். பேச்சைப் பக்கத்தில் வைத்து, ஆளை ‘டு’வுக்கு அப்பால் நிறுத்தும். ‘எக்ஸ்பிளெய்ன்ட் மீ’, ‘சஜெஸ்டட் மீ’ என்று எழுதுவது ‘செட் மீ’ என்பதன் தங்கச்சிகள். குடும்பத்தை மாற்றி எழுதினால் பெரும்பாலும் கேட்கக் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘மென்ஷன்’ மாதிரிச் சிலவற்றில் பொருளே புரண்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டக் குறிப்பில் நான் ‘தி டைரக்டர் மென்ஷன்ட் மீ’ என்று எழுதினேன். டைரக்டர் என்னிடம் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டார் என்பது என் நினைப்பு. படித்தவர்களுக்கு, டைரக்டர் கூட்டத்தில் என் பெயரைக் குறிப்பிட்டுப் பேசினார் என்று ஆகிவிட்டது. இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள். மூன்றாவது ஆள் வந்து, என்ன சொன்னார் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

அந்தக் குடும்பக் கணக்கில் உங்கள் ‘இன்ஃபார்ம்ட்’ கேள்விக்கும் பதில் இருக்கிறது. அது டெல் குடும்பம், ஆகவே ‘செட்’ வர வேண்டிய இடத்தில் அதைப் போட முடியாது. ‘ஹி இன்ஃபார்ம்ட் தட்’ என்பதும் ‘ஹி டோல்ட் தட்’ அளவுக்கே பிழை. ‘இன்ஃபார்ம்ட் டு மீ’யும் அப்படியே. பயத்தில் மறைந்துகொள்ள அது நல்ல இடமில்லை. மேலும் ‘இன்ஃபார்ம்’ கஞ்சி போட்ட சட்டை. நோட்டீஸ், சட்டக் கடிதம், உத்தரவு என்று வரும்போது போட்டுக்கொள்ளலாம். ஃபைல் திறக்கவில்லை என்று கிளையன்ட் சொன்னதற்கெல்லாம் அது வேண்டாம். இதைவிட ஒரு படி மேலே போய் ‘கைண்ட்லி இன்டிமேட்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் பலருக்கு அந்தச் சொல் பெயரடையாகத்தான் அதிகம் பழக்கம், நெருங்கிய உறவைக் குறிக்க. வினையாக வந்தால் ஜாடையாகச் சொல்வது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ப்ளீஸ் லெட் மீ நோ’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

செயப்பாட்டு வினையில் இரண்டும் எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அலுவலக எழுத்தில் தினமும் வருவது என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். கேட்டவர் ‘டெல்’லின் ஆள் என்பதால் ‘ஐ வாஸ் டோல்ட்’ என்று அவரை முன்னால் கொண்டுவரலாம். ‘என்னிடம் சொன்னார்கள்’ என்று யார் சொன்னதென்று காட்டாமல் தமிழில் நழுவுகிறோமே, அதேதான். ‘ஐ வாஸ் செட்’ என்று எழுத முடியாது. ‘சே’யின் பக்கம் பேச்சுதான் முன்னால் வரும், ‘இட் இஸ் செட் தட்’ என்று. அதன் இன்னொரு வடிவம், ‘ஹி இஸ் செட் டு பி ஸ்ட்ரிக்ட்’. இதற்குப் பாடப்புத்தகங்கள் ‘அவர் கண்டிப்பானவர் எனச் சொல்லப்படுகிறது’ என்று மூச்சு வாங்கும். அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். ‘அவர் கண்டிப்பானவராம்.’ அந்த ‘ஆம்’தான் ‘இஸ் செட் டு’. யாரோ சொல்லக் கேள்வி, பொறுப்பு நமதல்ல.

பேசாத பொருட்கள் பேசும் இடத்திலும் ‘சே’தான் முந்தும். கடிகாரம், அறிவிப்புப் பலகை, கடிதம், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் ‘செஸ்’. ‘பேப்பர்ல போட்டிருக்கு’ என்பது ‘தி பேப்பர் செஸ்’. கேள்விச் சொல்லோடு வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். எங்கே, ஏன், எப்போது என்பதைத் தெரியப்படுத்தினார் என்றால் ‘டோல்ட் மீ வேர்’, ‘டோல்ட் மீ ஒய்’ என்று ‘டெல்’ சரளமாக வரும். ‘சே’ இங்கே எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் அதிகம் புழங்கும். ‘ஹி டிடின்ட் சே ஒய்’, ‘டிட் ஷி சே வென்?’ மாதிரி. நேரடி மேற்கோளில் இரண்டும் வரலாம், ஆனால் கதைகளில் ‘செட்’தான் எங்கும் நிறைந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிய சொல் அது.

எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போனிலும் பேசுவீர்கள் என்பதால் உச்சரிப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ‘சே’ என்பதோடு ஒரு ஸ் சேர்ந்தால் ‘சேஸ்’ என்று நீள வேண்டும் என்றுதான் எழுத்து நம்மை ஏமாற்றும். அது ‘செஸ்’, குறில். கடைசி ஒலி தேனீயின் ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும். இறந்தகாலமும் ‘செய்ட்’ அல்ல. ‘பெய்ட்’ என்ற சொல்லும் இதுவும் ஆங்கிலத்தில் ஒரே அச்சில் எழுதப்படுவதால் வரும் குழப்பம் இது. அது ‘செட்’. ஆனால் ‘ஒரு செட் சாவி’ என்பதில் வரும் ‘செட்’டும் அல்ல. தமிழ் எழுத்தில் இரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லை, காதில்தான் பிரிக்க வேண்டும். சாவி செட்டில் வரும் ட், ‘பட்டு’ என்பதில் உள்ள வல்லொலி. சொன்னார் என்று பொருள்படும் ‘செட்’டில் வருவது ‘பாடு’ என்பதில் உள்ள ட மாதிரி மெத்தென்று, எகரத்தையும் ஒரு இழை நீட்டி. ‘ஹி செட் இட்’ என்று இரண்டு விதமாகவும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் அவர் எதையோ சொன்னார், மற்றதில் எதையோ பொருத்தி வைத்தார்.

கடைசியாக, உங்கள் சக ஊழியரின் ‘ஷி செட் டு கால் யூ’. ‘டு’வோடு வினை வந்தால் ‘டோல்ட்’ என்று மேலே நீட்டி முழக்கிவிட்டு இதைச் சரி என்கிறேனே என்று நினைக்காதீர்கள். கேட்டவரைக் குறிப்பிடாமலே ஒரு அறிவுறுத்தலைக் கைமாற்றிவிடும்போது ‘செட் டு’ என்பது பேச்சு வழக்கில் நன்றாகவே புழங்குகிறது. ‘உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க’ என்கிறோமே, யாரிடம் சொன்னார்கள் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை, பேசுகிறவரிடம்தான் என்று புரிந்துவிடும். அதேபோல இங்கே கூப்பிட வேண்டியவர் உங்கள் ஊழியர், கூப்பிடப்பட வேண்டியவர் நீங்கள். எழுத்தில் கொஞ்சம் சம்பிரதாயமாக வேண்டுமென்றால் ‘ஷி ஆஸ்க்ட் மீ டு கால் யூ’ என்று எழுதலாம். ஆனால் இரண்டு வரி மெயிலுக்கு அவர் எழுதியதே போதும். அதைத் திருத்தி அவருக்குத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.